ஷால்வாவின் மேசைச் சட்டம்

"அந்த வேலையை விடுறேன்னு அவ ஒத்துக்கணும். இல்லேன்னா இந்தக் கல்யாணம் கிடையாது, ஆமா!" என்றார் ஷால்வா. அடுப்படி வாசலில் நின்றபடி ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டார்.

அவர் மனைவி சியாலா கோழிக் குழம்புக்கு வால்நட் அரைத்துக்கொண்டிருந்தாள். அரைக்கிற கை நிற்கவில்லை. "டாக்டர் வேலைதானே? என்னமோ கள்ளக்கடத்தல் மாதிரி பேசுறீங்களே."

"எந்த டாக்டர்னு வாயைத் திறந்து சொல்லு, பாப்போம்!"

சியாலா இன்னொரு பிடி வால்நட்டை எடுத்துப் போட்டாள். எங்கள் ஊரில் அதைச் சொல்ல ஒரு பெண்ணுக்கு அவ்வளவு சுலபமாக வாய் வராது. மகன் ஸாஸா கட்டிக்கொள்ளப் போகிற எத்தேரி, மாவட்ட ஆஸ்பத்திரியில் ஆண்களுக்கான டாக்டர். சிறுநீர்ப்பை, அதற்குக் கீழே இருப்பது, அதற்கும் கீழே இருப்பது எல்லாம் அவள் இலாகா. ஷால்வா மட்டும் "கிட்னி டாக்டர்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஊர் என்ன பச்சைக் குழந்தையா?

"ஊர்ல இருக்கிற ஆம்பளை அத்தனை பேரும் என் மருமக முன்னாடி பெல்ட்டை அவுக்கிறதா? அப்புறம் நான் எப்படி இந்தத் தெருவுல தலைநிமிந்து நடக்கிறது?"

"நீங்க முதல்ல ராத்திரி நடக்கிறதை நிறுத்தப் பாருங்க."

ஷால்வாவின் முகம் கறுத்துவிட்டது. அது வெளியே வரவே கூடாத பேச்சு. ராத்திரி எழுந்து எழுந்து போவார். போனால் லேசில் வரமாட்டார். கொல்லையில் வால்நட் மரத்தைப் பிடித்துக்கொண்டு, மரத்துக்கு ஏதோ ரகசியம் சொல்கிறவர் மாதிரி நிற்பார். கேட்டால் "குளிர் பிடிச்சிருக்கு" என்பார். வெயில் கொளுத்துகிற மாதத்திலும் அதே குளிர்தான். டாக்டரிடம் போகலாம் என்று சியாலா ஒருமுறை சொன்னதற்கு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை மனிதர்.

"இன்னிக்கு அவ வர்ற விருந்துல, வாழ்த்துலயே வெச்சுச் சொல்லிடுவேன்," என்றார். "அவ எப்படி மறுக்கிறான்னு பாக்குறேன்."

அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். எங்கள் பக்கத்தில் விருந்து என்றால் மேசைக்கு ஒரு தலைவர் வேண்டும். தமதா என்போம். தமதா எழுந்து வாழ்த்துச் சொல்வார், மேசை குடிக்கும். குடித்தால் சொன்னதற்குச் சம்மதம் என்று அர்த்தம். எங்கள் ஊருக்கு நிரந்தரத் தமதா ஷால்வா. அவர் மேசைச் சட்டம் மற்றவர்களுடையதைவிடக் கடுமை. வாழ்த்து ஆரம்பித்துவிட்டால் குடித்து முடிக்கும்வரை ஒருவரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. மேசை முழுக்கக் குடித்த பிறகு தமதா கடைசியாகக் குடிப்பார். கிளாஸுக்குப் பதிலாக அவர் குடிப்பது காட்டாட்டுக் கொம்பில். அடி கூர்மை என்பதால், ஒயின் இருக்கும்வரை அதைக் கீழே வைக்கவும் முடியாது. அவசரம் என்று பாதியில் எழுந்து ஓடிய பெரிய மனிதர்களை அவர் வருஷக்கணக்கில் கேலி செய்து சாகடித்திருக்கிறார்.

மத்தியானம் எத்தேரி வந்து இறங்கினாள். சின்ன உருவம், பெரிய கண்ணாடி, நிதானமான பேச்சு. ஸாஸா அவளைத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே ஓரமாக அழைத்துப் போனான். நல்ல பையன்தான், அப்பாவுக்கு எதிரில் மட்டும் முதுகெலும்பு இருக்கிற இடம் தெரியாது.

"அப்பா வாழ்த்துல சொல்லப்போறாரு, நீ வேலையை விடணும்னு. நீ பாட்டுக்குக் குடிச்சுடு. அப்புறம் மெதுவா பேசிக்கலாம்."

"பத்து வருஷம் படிச்சதை ஒரே மடக்குல முழுங்கச் சொல்றே?"

"குடிக்கலேன்னா கல்யாணம் நின்னுடும், எத்தேரி."

"அப்போ நீ குடிப்பியா?"

ஸாஸா கம்பியில் வேகிற ஆட்டுக்கறியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி நன்றாகத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அழுகிற பெண் இல்லை, ஆனாலும் துடைக்க வேண்டியிருந்தது.

அவன் நகர்ந்ததும் ஷால்வாவின் தம்பி முர்மான் கறிக்கம்பியோடு வந்தார். வேகாத துண்டு ஒன்றை அவளிடம் நீட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, எனக்கு ஒரு ஃப்ரெண்டு இருக்கான். அவனுக்கு... தண்ணி போறது நூலாட்டம் போகுதாம். முடிச்சுட்டு வந்தா மறுபடி வருதாம். வயசானா எல்லாருக்கும் அப்படித்தானே?"

"நிறைய பேருக்கு வரும் சித்தப்பா. அதுக்காக அவதிப்படணும்னு சட்டம் இல்லை. மாத்திரையே இருக்கு. திங்கக்கிழமை வரச் சொல்லுங்க."

அவர் போய் முடிக்கவில்லை, மல்யுத்தக் கோச் குராம் வந்து நின்றார். மாடு மாதிரி உடம்பு. பேச்சு மட்டும் எறும்பு மாதிரி வந்தது. "எனக்கு ஒரு ஃப்ரெண்டும்மா. ஆளு பயில்வான்தான். ஆனா வீட்டுல... அந்த நேரத்துல... கரண்டு போயிடுது. பொண்டாட்டி மேல ஏதாவது கோளாறா இருக்குமோ?"

"அவங்க மேல ஒரு கோளாறும் இருக்காது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இதயம் எல்லாம் பாக்கணும். அந்தப் பொம்பளையை இனிமே திட்ட வேண்டாம்னு சொல்லுங்க உங்க ஃப்ரெண்டுகிட்ட."

குராமின் காது சிவந்தது. அந்த 'ஃப்ரெண்டு' மனைவியைப் பாட்டி வைத்தியர் வீட்டுக்கெல்லாம் துரத்தி, கசாயம் கசாயமாகக் குடிக்க வைத்தது தெருவுக்கே தெரியும். வாந்தி எடுத்தது அவள், வைத்தியம் தேவைப்பட்டது இவனுக்கு.

மூன்றாவதாக ஹெட்மாஸ்டர் அன்ஸோர். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "என் நண்பர் ஒருத்தர், படிச்சவர். ஒண்ணுக்குல ரத்தம் மாதிரி பாத்தாராம். வலியே இல்லையாம். பீட்ரூட் சாப்பிட்டதுதானே?"

எத்தேரியின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "பீட்ரூட்டாவே இருக்கட்டும் சார். ஆனா வலி இல்லேன்னா சும்மா விடக்கூடாது, கட்டாயம் பாத்தே ஆகணும். திங்கக்கிழமை காலையில முதல் ஆளா அவரு என் முன்னாடி இருக்கணும். சரியா?"

"சரிம்மா," என்றார் ஹெட்மாஸ்டர், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

இதையெல்லாம் தண்ணீர்க் குடத்தோடு போய்வந்துகொண்டிருந்த சியாலா கேட்டாள். "பாவம் அந்த ஃப்ரெண்டு," என்றாள் எத்தேரியிடம். "ஊர்ல இருக்கிற வியாதி அத்தனையும் அந்த ஒருத்தனுக்கே வந்திருக்கே." இரண்டு பேரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள்.

மேசை நிறைந்தது. கடவுளுக்கு வாழ்த்து, மண்ணுக்கு வாழ்த்து, செத்துப்போனவர்களுக்கு வாழ்த்து. ஷால்வா ஒவ்வொன்றுக்கும் கொம்பு நிறையக் குடித்தார். நேற்றிலிருந்தே தண்ணீரைத் தொடாமல் தயாராகி வந்தவர்தான். ஆனால் ஒயின் உள்ளே போன பிறகு அது தயாரிப்பையெல்லாம் கேட்குமா? விருந்தாளி என்பதால் எத்தேரிக்கு மட்டும் மேசையில் இடம்; மற்றப் பெண்கள் வழக்கம்போல அடுப்படிக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தார்கள். சியாலா அந்த மேசையில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

நாலாவது கொம்பை உயர்த்திக்கொண்டு ஷால்வா எழுந்தார்.

"என் மருமகளுக்கு! படிச்ச பொண்ணு, அடக்கமான பொண்ணு. குடும்ப கௌரவம் அவளுக்குத் தெரியும். அதனால திங்கக்கிழமையிலேர்ந்து அவ ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டா. வீட்டை ஆளுவா! குடிங்க!"

ஒருவரும் குடிக்கவில்லை.

எத்தேரி தன் கிளாஸை அப்படியே மேசையில் வைத்திருந்தாள். அதை ஷால்வா எதிர்பார்த்தார். ஆனால் முர்மான் கிளாஸும் அசையவில்லை, குராமுடையதும் அசையவில்லை. ஹெட்மாஸ்டர் கிளாஸை உதடுவரை கொண்டுபோய், திங்கட்கிழமை ஞாபகம் வந்ததும் இறக்கிவிட்டார்.

"என்னடா, குடிங்கடா!"

"அண்ணே," என்றார் முர்மான், "காலம் மாறிப்போச்சுண்ணே. பொம்பளைப் புள்ளை படிச்ச படிப்பை வீணாக்கினா பாவம்."

"பெண் விடுதலை இல்லாம இந்த நாடு எப்படி முன்னேறும்?" என்று ஹெட்மாஸ்டர் எழுந்து, சட்டம் ஞாபகம் வந்து உட்கார்ந்தார்.

குராமுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "பொம்பளைங்களை அடக்கி வெக்கிறது காட்டுமிராண்டித்தனம்!" என்று மேசையைக் குத்தினார். அடுப்படியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி, பேசுவது தன் புருஷன்தானா என்று எட்டிப் பார்த்தாள்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டார்கள். எல்லாரும் குடிக்காதிருப்பதை நன்றாக உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு ஸாஸாவும், "நானும் குடிக்கமாட்டேன்பா," என்றான்.

"நீங்க குடிக்கிறவரைக்கும் நான் நிப்பேன்!" என்று கர்ஜித்தார் ஷால்வா. நின்றார். ஒரு காலில் நின்றார், மறு காலில் நின்றார். கொம்பிலிருந்து ஒயின் தளும்பிச் சட்டையில் வழிந்தது. கொம்பைக் கீழே வைக்கவும் முடியாது, இடத்தை விட்டு நகரவும் முடியாது. நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. அவரே போட்ட சட்டம்!

எத்தேரிக்குப் புரிந்துவிட்டது. அவள் தொழிலாயிற்றே. "மாமா, பிடிவாதம் வேண்டாம், அடக்கக் கூடாது. போயிட்டு வந்து என்னைத் திட்டுங்க," என்றாள் மெதுவாக. ஷால்வா கண்ணை இறுக மூடிக்கொண்டாரே தவிர நகரவில்லை.

அப்போது சியாலா அடுப்படியிலிருந்து வந்தாள். கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்தாள். மேசை ஓரத்தில் நின்று ஒரு காலிக் கிளாஸில் ஒயினை ஊற்றிக்கொண்டாள். பெண் எழுந்து வாழ்த்துச் சொல்லி எங்கள் ஊர் கேட்டதில்லை.

"இந்த வாழ்த்தை நான் முடிக்கிறேன். என் மருமக திங்கக்கிழமை வேலைக்குப் போவா. அதுக்கு மறுநாளும் போவா. கல்யாணத்துக்கு அப்புறமும் போவா. சம்மதம்னா குடிங்க."

அந்த மேசை அவ்வளவு வேகமாக எதையும் குடித்ததில்லை. எத்தேரியும் குடித்தாள். கடைசிக் கிளாஸ் காலியானதும் ஷால்வா கொம்பை மடமடவென்று காலி செய்து எறிந்துவிட்டு, வால்நட் மரத்தை நோக்கி ஓடினார். நெடுநேரம் ஆகியும் வரவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி நடையில் ஹெட்மாஸ்டர் இருந்தார், முர்மான் இருந்தார், குராம் இருந்தார். மூவரும் செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டு, ரத்தக் கொதிப்புக்கு வந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். ஹெட்மாஸ்டரை எத்தேரி முதலில் கூப்பிட்டு, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தாள். பிறகு கதவு திறந்தபோது ஷால்வாவை சியாலா கைப்பிடியாக உள்ளே அழைத்துப் போனாள்.

"சொல்லுங்க மாமா, என்ன பண்ணுது?"

ஷால்வா கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணுமில்லே. எனக்கு ஒரு ஃப்ரெண்டு..."

அறையில் நோயாளிக்கு ஒரே நாற்காலி. சியாலா அதை இழுத்துப் போட்டுத் தான் உட்கார்ந்தாள்.

"எழுதிக்கோம்மா," என்றாள். "அந்த ஃப்ரெண்டோடதான் நான் நாப்பது வருஷமாக் குடித்தனம் பண்றேன்."