கொதிக்காத ராஜ்மா

இருவரும் தங்கிப் படிக்கும் அறைக்கு மளிகை வாங்குவது அவள் பொறுப்பு என்பதால், அறைத் தோழி அவளுக்கு ‘மந்திரி’ என்று பெயர் வைத்திருந்தாள். டப்பாவில் வெந்து வரும் ராஜ்மாவைவிடக் காய்ந்த ராஜ்மா பாதி விலைதான், சத்தும் குறையாது என்று கண்டுபிடித்ததில் மந்திரிக்குப் பெருமை தாங்கவில்லை. ஊறவைத்து, மெல்லச் சூடேறும் மின்சாரப் பானையில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனாள். மாலையில் பெரிய கிண்ணம் நிறையத் தோழிக்குக் கொடுத்தாள்.

“நாளைக்குப் பரீட்சை. நல்லா சாப்பிடுடி.”

தன் பங்கை மறுநாளுக்கு எடுத்துவைத்துவிட்டு ரொட்டி தின்றாள்.

மறுநாள் தோழி பரீட்சைக்குப் போகவில்லை. இரவெல்லாம் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தாள். “நேத்து உனக்குத் தெரியாம கடையில பன் தின்னேன்டி. வெளிய தின்னாதன்னு சொன்ன மந்திரி பேச்சக் கேக்காததுக்கு எனக்கு நல்லா வேணும்.”

பழி பன் மேல் போனதில் மந்திரிக்கு ஒரு நிமிடம் உயிர் வந்தது. ஆனாலும் மனம் உறுத்த, ராஜ்மா பையைக் குப்பையிலிருந்து எடுத்துப் படித்தாள். வேகாத ராஜ்மாவில் இயல்பாகவே ஒரு நஞ்சு உண்டு. பத்து நிமிடமாவது தளதளவென்று கொதித்தால்தான் அது அழியும். அந்தப் பானையோ கொதிநிலைக்கே போகாது. பயறு மெத்தென்று ஆகும், நஞ்சு அப்படியே இருக்கும்.

பையை நீட்டினாள். “பன் இல்லடி. நான்தான்.”

தோழி படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். “பாவம், அந்தப் பன்ன அநியாயமா திட்டிட்டேன். மிச்சத்த முதல்ல கொட்டு.”

எடுத்துவைத்திருந்த தன் பங்கை மந்திரி கொட்டினாள். தோழி தன்னைத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.