பேனா வைத்த டப்பா

"பார்த்து அள்ளியிருக்கணும்மா, நீ—"

"கறுப்புப் பைக்குள்ள பார்க்க எனக்கென்ன நெத்தியில கண்ணா இருக்கு, டாக்டர்?"

துப்புரவுக்காரி கட்டைவிரலைக் குழாயடியில் பிடித்திருந்தாள். காகிதக் குப்பைக்குள் கிடந்த ஊசி குத்தி ரத்தம் கசிந்தது. பயன்படுத்திய ஊசிகளைப் போட வாங்கிய மஞ்சள் டப்பாவோ, மூடியைக் கழற்றிய கோலத்தில், டாக்டரின் மேசையில் பேனாக்களோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"பார்க்க அழகா இருந்துச்சு, அதான்..."

சுவரில் மாட்டியிருந்த பட்டங்களை அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"இத்தனை படிச்சும் எதை எதுல போடணும்னு தெரியலை! தூ!"

பேனாக்களை மேசையில் கொட்டி, டப்பாவை அவர் மூக்குக்கு நேரே வைத்தாள்.

"சரிம்மா, இனிமே—"

"இனிமே கதையெல்லாம் அப்புறம். காலையிலேர்ந்து மூணு பேருக்கு ஊசி போட்டீங்க. என்னைக் குத்தினது யாரோட ஊசி?"