கருகல் மாலை

ரோபோ போட்டியைப் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டு எழிலனின் அம்மா தில்லையம்மாள் பெண் பார்க்க வந்தாள். முறையாக வெற்றிலைத் தட்டோடு வருவதற்கு முன்னால், மகன் மனசுக்குப் பிடித்த வெண்மதி எப்படி நிற்கிறாள், எப்படிப் பேசுகிறாள் என்று ஒரு நோட்டம். அதற்காகவே மகனின் ரோபோ குழுவோடு சேர்ந்து கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறியிருந்தாள்.

வெண்மதியின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஆலப்பாக்கம் தாண்டியதும் பையிலிருந்து வறுத்த முந்திரியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"ஆன்ட்டியெல்லாம் வேணாம்மா, அத்தைன்னே கூப்புடு. நான் சரின்னு சொல்லிட்டேன்னா அவுங்கப்பா மறுவார்த்த பேச மாட்டாரு."

வெண்மதிக்குக் காது மடல் சூடானது. இந்த ஒரு 'சரி'க்காகத்தான் அவள் காத்திருந்தாள். அவள் அப்பா அதற்குள் ஸ்ரீமுஷ்ணத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டிருந்தார்.

திருப்பாதிரிப்புலியூரில் கலியமூர்த்தியின் டி.வி. ரிப்பேர் கடை மாடியில் ஞாயிறுதோறும் கூடும் குழு அது. எழிலன் தலைவன். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்த வெண்மதிக்கு முதன்முதலில் ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் அயர்ன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். அன்றைக்கு அவள் விரலில் சுட்டுக்கொண்டபோது ஓடிப்போய் ஐஸ் வாங்கி வந்தான். அதற்கப்புறம் அவள் ஒரு ஞாயிறும் தவறவில்லை.

ஊர் உலகத்தில் இல்லாத இரண்டு வழக்கங்கள் அந்தக் குழுவுக்கு உண்டு. முதலாவது, ஒயர். தேர்த் திருவிழா முடிந்து தூக்கிப்போட்ட சீரியல் செட்டில் கிடைத்த மஞ்சள், சிவப்பு ஒயர்களை வைத்து எழிலன் முதல் ரோபோவைச் செய்தபோது மஞ்சளை பிளஸ் ஆக்கினான், சிவப்பை மைனஸ் ஆக்கினான். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் அதே போலத்தான். "எல்லா எடத்துலயும் செவப்புதான் பிளஸ். மாத்திடலாம் எழில். ஒரு நாளு எவனாவது கடை பேட்டரிய வாங்கியாந்து செவப்புக்குச் செவப்பு சொருவுவான் பாரு" என்று வெண்மதி எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். "நம்ம குரூப்பு, நம்ம கலரு" என்பான் அவன்.

இரண்டாவது, கருகல் மாலை. கருகிப்போன ஐ.சி., டிரான்சிஸ்டர்களைக் கோத்த நூல். யார் எதைக் கருக்கினாலும், கருகியதை அவரே அதில் கோத்து, அடுத்த ஞாயிறுவரை மாலையை வைத்திருக்க வேண்டும். கழுத்தில் போட்டுவிடுவது தலைவன் உரிமை.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில். தரையில் வெள்ளை பேனர் விரித்து, கறுப்புக் கோடு ஒட்டியிருந்தார்கள். கோட்டைப் பிடித்துக்கொண்டே போய்த் திரும்ப வேண்டும். தில்லையம்மாள் முன்வரிசை நாற்காலியில், மருமகளாகப் போகிறவளைப் பார்க்க வாகாக உட்கார்ந்துகொண்டாள்.

வெண்மதி சக்கரத்தின் ரப்பரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எழிலன், சென்னையிலிருந்து வரவழைத்த புது பேட்டரியைப் பெருமையாக எடுத்தான். அதில் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவளுக்கு முதுகு காட்டிக் குனிந்து சிவப்பைச் சிவப்பில் சொருகினான்.

பட்டென்று ஒரு சத்தம். மோட்டாரை இயக்கும் ஐ.சி.யிலிருந்து வெள்ளையாகப் புகை எழுந்தது.

"என்னாடா பொகையுது?" என்று தில்லையம்மாள் எழுந்தே விட்டாள்.

டீ குடிக்கப் போயிருந்த மற்றவர்களோடு தேவநாதன் ஓடிவந்தான். குழுவில் வாய் நீளம் அவனுக்குத்தான். "எவன்டா சொருவுனது? தலைகீழா இருக்குது!"

எழிலன் வெண்மதியைப் பார்த்தான். அவன் அப்படிக் கெஞ்சி அவள் பார்த்ததே இல்லை. சின்னப் பொய்தானே, சாயந்திரம் அவனே சிரித்துக்கொண்டு உண்மையைச் சொல்வான், அத்தைக்குத் தன்னை இன்னும் பிடித்துப்போகும் என்று அவளுக்குத் தோன்றியது.

"நாந்தான்" என்றாள்.

"போச்சு! டீச்சரம்மாவா? எட்றா மாலைய!"

டூல்ஸ் பெட்டியிலிருந்து மாலை வந்தது. எழிலன் வாங்கினான். வெண்மதி தலைகுனிந்தாள். மேடை, நாற்காலி, மண்டபம் எல்லாம் இருந்தது. அவன் கையால் அவள் கழுத்தில் விழுந்த முதல் மாலை இது. தேவநாதன் வாயாலேயே கெட்டிமேளம் கொட்ட, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"சாயந்திரம் அத்தைகிட்ட சொல்லிடு" என்று மெதுவாகச் சொன்னாள். அவன் தலையாட்டினான்.

திரும்பும்போது பஸ்ஸில், "அத்தை, ஜன்னலோரம் நீங்க வாங்க" என்று நகர்ந்து இடம் விட்டாள்.

"ஆன்ட்டின்னே சொல்லும்மா, போதும்."

தில்லையம்மாள் முன்சீட்டில் மகனோடு போய் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்த வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"அவ கை ராசி அப்பிடிடா. இத்தன பேரு பாத்துப் பாத்துச் செஞ்சது, அவ தொட்டதும் பொகஞ்சு போச்சு. நாளைக்கி நம்ம வூட்டுல வெளக்கேத்துற கை. வேணாம் சாமி."

வெண்மதி எழிலனின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்வான். பரங்கிப்பேட்டை முக்கு வந்தது. புதுச்சத்திரம் வந்தது. எழிலன் செல்போனை எடுத்து பாம்பு கேம் ஆட ஆரம்பித்தான்.

கடலூரில் இறங்கியதும் அவளை ஓரமாகக் கூப்பிட்டான். "கொஞ்ச நாளு போவட்டுங்கறாங்க அம்மா. இப்பப் போயி நாந்தான்னு சொன்னா, உன்னக் காப்பாத்தப் பொய் சொல்றேன்னுதான் நெனப்பாங்க. புரிஞ்சுக்க."

பஸ் ஸ்டாண்டு வாசலில் ஸ்கூட்டரோடு அப்பா நின்றிருந்தார். "என்னாம்மா, சரின்னுட்டாங்களா?" என்று தூரத்திலிருந்தே கேட்டார், முகமெல்லாம் சிரிப்பாக.

அடுத்த ஞாயிறு வெண்மதி மாடி ஏறினாள். சுவரில் புதிதாக ஒரு அட்டை. எழிலனின் கையெழுத்து: 'இனிமேல் சிவப்புதான் பிளஸ். வெண்மதி விதி.'

எல்லோரும் இருக்கும்போதே சொன்னாள். "அன்னிக்கி சொருவுனது நான் இல்ல. எழிலன்தான். அவங்கம்மா முன்னால அவமானமாப் போவக் கூடாதுன்னு நான் ஒத்துக்கிட்டேன்."

தேவநாதன் சிரித்துவிட்டான். "சம்பந்தம் புட்டுக்கிச்சின்னதும் பழிய மச்சான் தலையில போடுறீங்களே டீச்சர்? அன்னிக்கி நீங்களேதான சொன்னீங்க!"

வெண்மதி எழிலன் பக்கம் திரும்பினாள்.

அவன் எழுந்து வந்தான். குரலில் அத்தனை கனிவு. "வுடு வெண்மதி. தப்பு எல்லாருக்கும் வர்றதுதான். நாங்க யாரும் மனசுல வெச்சிக்கல."

பிறகு கையை நீட்டினான். "மாலய கொண்டாந்தியா?"

கொண்டு வந்திருந்தாள். வழக்கப்படி, அவன் கருக்கிய ஐ.சி.யைத் தானே அதில் கோத்தும் இருந்தாள். அவன் வாங்கி அட்டைக்கு மேலே ஆணியில் மாட்டினான். அன்றைக்குத்தான் புதிதாகச் சேர்ந்திருந்த சுவேதா என்ற பெண், அட்டையைப் படித்துவிட்டு, "வெண்மதி யாருண்ணா?" என்று கேட்டாள்.

"சொல்றேன், இப்பிடி உக்காரு" என்று எழிலன் தன் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டான். "மொதல்ல சால்டரிங் அயர்ன் புடிக்கக் கத்துக்க. பாத்து, சுட்டுக்கப் போற."