கேத்தரின் வைத்த ஆச்சரியக்குறி

மூன்று நாளாக எல்லா ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் முசிறிக்கே போய்க்கொண்டிருந்தது. லால்குடி, ஜீயபுரம், முசிறி என்று மூன்று ஊர்களில் ரத்தம் எடுக்கும் கிளை வைத்திருந்தது அந்த ஸ்ரீரங்கத்து லேப். ரிப்போர்ட்டுகளை ஊர் பார்த்துப் பிரித்து அந்தந்த ஃபோல்டரில் போடுவது, அங்கே வேலை பார்க்கும் கேத்தரின் கம்ப்யூட்டரில் எழுதிவைத்த பேட்ச் ஃபைல் என்ற கட்டளைத் தொகுப்பு. ஒரே ஊராக இருந்தவரை அது சொன்ன பேச்சைக் கேட்டது. மூன்று ஊராக்கி, ஊர் ஊராகவும் அதற்குள் ரிப்போர்ட் ரிப்போர்ட்டாகவும் பார்க்கும்படி சுற்றுக்குள் சுற்று வைத்ததும் முரண்டு பிடித்தது. கேத்தரின் மண்டையை உடைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

சம்ரீன் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டாள். வேலைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத பெண்.

"அடைப்புக்குறிக்குள்ள இருக்கறத மொத்தமா ஒரே தடவ படிச்சிடுதுக்கா. சதவீதக் குறி போட்ட இடத்துல அப்ப எந்த ஊர் இருந்துச்சோ அதயே நிரப்பிடுது. போன தடவ கடைசியா நின்ன முசிறி அப்படியே தங்கிடுச்சு. உள்ள ஊர் மாறறது அதுக்குத் தெரியல. மேல ஒரு வரி சேத்து, சதவீதத்துக்குப் பதிலா ஆச்சரியக்குறி போட்டேன். இப்ப ஒவ்வொரு சுத்துக்கும் புதுசாப் பாக்கும்."

முதலாளி டாக்டர் நவநீதன் தன் அறையிலிருந்து எழுந்து வந்து அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். "கெட்டிக்காரிம்மா நீ" என்றார். பதினோரு வருஷத்தில் கேத்தரினின் மேஜைக்கு அவர் வந்தது ஒரே ஒரு தடவை. அதுவும் மேலே ஒழுகிய ஏசியைப் பார்க்க.

கேத்தரினுக்கு வயிறெரிந்தது. அந்தப் பெண் வாய்க்கு வாய் 'அக்கா' என்று கூப்பிடுவதுகூடக் காந்தியது.

மறுநாள் காலையில் குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே மூன்று ஃபோல்டரையும் திறந்து எண்ணினாள். பத்து இருபதுக்கு மாட்டியது. லால்குடியில் ஒன்று குறைந்தது. வீராயி என்ற பெண்ணின் ரிப்போர்ட்.

அவசர ரிப்போர்ட் என்றால் ஃபைலின் பெயருக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி வைப்பது கேத்தரின் தொடங்கிய வழக்கம். அப்படி வைத்தால் பட்டியலில் முதலாவதாக நிற்கும், கிளையில் உடனே திறப்பார்கள். சம்ரீனின் புது ஏற்பாடோ ஆச்சரியக்குறி எல்லாமே தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டது. பெயரில் இருந்த குறியையும் விழுங்கிவிட்டு, வெறும் வீராயியைத் தேடி, அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று விட்டுவிட்டது.

மூன்று நாள் எட்டாதது இப்போது ஒரு நொடியில் எட்டியது. ஒரு தாளை எடுத்து எழுதினாள்: "10.20. லால்குடி அவசரம் போகவில்லை. காரணம் சம்ரீன் செய்த மாற்றம்." பன்னிரண்டு மணிக்கு டாக்டர் வருவார். அவரிடம் இதை நீட்டப்போவதை நினைக்க நினைக்க இனித்தது. வீராயிக்கு அப்படி என்ன அவசரம் என்று திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

பதினொன்று ஐம்பதுக்கு லால்குடிக் கிளையிலிருந்து காத்தமுத்து போன் செய்தார். "மேடம், வீராயி ரிப்போர்ட் வரலைங்க. அந்தம்மா படபடன்னு வருதுங்குது. காலைலேர்ந்து உக்காந்திருக்கு. வீட்டுக்குப் போகச் சொல்லிடவா?"

கேத்தரின் அப்போதுதான் திறந்தாள். பொட்டாசியம் ஏழைத் தாண்டியிருந்தது. இதயம் நின்றுபோகக்கூடிய அளவு.

"அனுப்பாதீங்க. உடனே கார் வெச்சு திருச்சி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்றாள்.

ஒன்றரை மணிக்குக் காத்தமுத்துவிடமிருந்து சேதி வந்தது. நல்லவேளை, இப்போதாவது கொண்டுவந்தீர்கள், பிழைத்துக்கொள்வாள் என்றார்களாம் ஆஸ்பத்திரியில்.

டாக்டர் நவநீதன் கேத்தரின், சம்ரீன் இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டார். "ரிப்போர்ட் போகலைன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"காத்தமுத்து கூப்பிட்டப்பதான் டாக்டர்" என்றாள் கேத்தரின். சொன்ன பிறகுதான் மேஜையில் கிடந்த தாளின் நினைவு வந்தது. சம்ரீன் அதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

சம்ரீன் தாளை எடுத்தாள். எழுதியிருந்த பக்கம் கீழே போகும்படி திருப்பி, பின்பக்கத்தில் மாற்ற வேண்டிய வரியைக் குறித்துக்கொண்டாள். "தப்பு என்னோடது சார். பேர்ல அந்தக் குறி வருமான்னு அக்காகிட்ட கேட்டிருக்கணும்."

"தப்ப ஒத்துக்கற மனசு எல்லாருக்கும் வராதும்மா" என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

சம்ரீன் தாளை நாலாக மடித்து கேத்தரினின் கையில் வைத்தாள். "அவசரத்துக்கு இனிமே என்ன குறி வெக்கலாம்னு நீங்களே சொல்லுங்கக்கா."

வீராயி பிழைத்தாளே என்று நிம்மதிப்பட வேண்டிய நேரம். கேத்தரினோ, இந்தப் பாராட்டும் சம்ரீனுக்கே போய்விட்டதே என்று பொருமிக்கொண்டிருந்தாள்.