இருபத்தொன்பது சதவீதம்

அண்ணனுக்குப் பார்வை போய் மூன்று வாரமாகிறது. மூளையில் கட்டி. இனி அதிக நாள் இல்லையென்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அந்த நிலையிலும் மனிதர் தலையணையில் சாய்ந்துகொண்டு, "குட்டி, ஜர்னல்லேர்ந்து பதில் வந்திருக்காம். படிச்சுச் சொல்லு," என்று செல்போனைத் தங்கையிடம் நீட்டினார்.

இருவருமே இயற்பியல் பேராசிரியர்கள். சுழலும் கருந்துளையிலிருந்து எவ்வளவு ஆற்றலைக் கறக்கலாம் என்பதில் இருவருக்கும் ஒரே பைத்தியம். ஆறு மாதம் முன்பு, அதைப் பற்றி எழுதிய கட்டுரையை ஜர்னலுக்குக் கொடுக்குமுன் அண்ணன் முதலில் இவளுக்குத்தான் அனுப்பினார். "பார்க்கிறேண்ணா" என்றவள் திறக்கவே இல்லை. பரீட்சை, கமிட்டி, அது இது. சாக்குக்கா பஞ்சம்?

அவள் படிக்க ஆரம்பித்தாள். 'கருந்துளையின் நிறையில் முப்பத்து நான்கு சதவீதத்தை ஆற்றலாக எடுக்கலாம் என்கிறார் ஆசிரியர். எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் இருபத்தொன்பதுக்கு மேல் எடுக்க முடியாது.'

அவள் நிறுத்தினாள். அந்த வரிகள், ஜர்னல் கேட்டு ஒரு கட்டுரையை மதிப்பிட்டபோது அவளே எழுதியவை. எழுதியவர் பெயரை மறைத்துத்தான் கட்டுரையை மதிப்பீட்டுக்கு அனுப்புவார்கள். மதிப்பிட்டவர் பெயரும் வெளியே வராது. யாரோ அரைவேக்காடு என்று நினைத்து வெளுத்து வாங்கியிருந்தாள்.

"ஏன் நிறுத்திட்டே? திட்டியிருக்கானா? பரவால்ல, படி."

ஒவ்வொரு முறை ஆற்றலை எடுக்கும்போதும் சுழற்சி குறையும். ஆசிரியரோ அது குறையாததுபோலவே அடுத்த கணக்கைப் போட்டிருக்கிறார் என்பதுவரை படித்தாள். 'அடிப்படையே தெரியாதவர்' என்ற கடைசி வரியை விழுங்கிவிட்டாள்.

அண்ணன் போர்வைமேல் விரலால் கணக்குப் போட்டுப் பார்த்தார். "சரியாத்தான் பிடிச்சிருக்கான். தலைவலியோட போட்ட கணக்கு."

"திருத்தி அனுப்பலாம்ணா. நான் உக்கார்றேன்."

"திருத்தினா இருபத்தொன்பதுதான் வரும். அது ஊருக்கே தெரிஞ்சதாச்சே." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

அவள் அன்றே திறந்து பார்த்திருந்தால் வீட்டோடு முடிந்திருக்கும். அப்போது அவருக்குக் கண் தெரிந்தது, வேறொன்று எழுத நாளும் இருந்தது. பாவி, நான்தான் அது என்று சொல்லிவிட வாயெடுத்தாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் அண்ணன். "இத்தனை வருஷத்துல நான் எழுதினதை வரி விடாம படிச்சது இவன் ஒருத்தன்தான். நீகூடப் படிக்கல." குரலில் கோபமே இல்லை. "அவனுக்கு நன்றி சொல்லணும். நான் சொல்லச் சொல்ல டைப் பண்ணு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மதிப்புக்குரிய ஐயா," என்று ஆரம்பித்தார் அண்ணன். அவள் அப்படியே தட்டினாள்.