டிக்டிக் நின்ற சிக்னல்

சத்தம் நின்ற மறுநாளே அந்த ஆள் முளைத்துவிட்டான். அதுதான் ஆபரேட்டரம்மாவுக்கு உறுத்தியது.

ஆஸ்பத்திரியில் டெலிபோன் எடுக்கிற வேலை அவளுக்கு. பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆறு வருஷமாக, சிக்னல் கம்பத்துப் பெட்டி டிக்டிக்கென்று அடித்தால் ரோட்டைக் கடப்பாள், ஓய்ந்தால் நிற்பாள். இப்போது பெட்டி வாயை மூடிக்கொண்டது. "பேசாம வேலையை விட்டுடு. வண்டியில அடிபட்டுச் சாகணுமா?" என்று அண்ணன் பிடித்துக்கொண்டான். விட்டுவிட்டு அண்ணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டு கிடக்கவா? உயிரே போனாலும் மாட்டாள்.

சத்தம் நின்ற அன்று ஆளாளுக்கு அவளை மூட்டை மாதிரி தள்ளினார்கள். "தள்ளாதீங்க, முழங்கையைக் குடுங்க!" என்று கத்தியே தொண்டை கட்டியது. மறுநாள் இவன் வந்து, கேட்காமலே முழங்கையை நீட்டினான். அப்புறம் தினமும் காலையில் அதே ஆள். ஒருநாள் கை வழுக்கி அவன் மணிக்கட்டில் பட்டது. நாலு வாட்ச்! அடப்பாவி, திருடனா? "நீங்க யாரு?" என்றால், "பக்கத்துக் கடைங்க" என்பதற்கு மேல் பேச மாட்டான்.

அண்ணன் அனுப்பிய ஆளோ? "என் பிள்ளைங்க மேல சத்தியமா இல்லை" என்றான் அண்ணன்.

டெலிபோன்காரியிடமா மறைப்பது? பெட்டி ஏன் நின்றதென்று கேட்க சிக்னல் ஆபீஸுக்கே போன் போட்டாள்.

"ரிப்பேர் இல்லைம்மா, நாங்கதான் நிறுத்தினோம். எதிர் மாடி வாட்ச் ரிப்பேர்காரர் புகார் குடுத்தார். வாட்ச்சைக் காதுல வச்சா இந்த டிக்டிக்தான் கேக்குதாம்."

ஓஹோ, ரிப்பேர் செய்ததைக் கையில் கட்டி ஓட்டிப் பார்க்கிறானா! அவள் கத்தியதை மாடியிலிருந்து கேட்டுவிட்டுத்தான் முழங்கையோடு இறங்கி வந்திருக்கிறான்.

மறுநாள் நீட்டிய முழங்கையை அவள் தொடவில்லை.

"பெட்டியை நிறுத்தச் சொன்னது நீங்கதானே?"

"அதான் தினமும் நானே கூட்டிட்டுப் போறேனேம்மா. உங்களுக்கு என்ன குறை?"

"நீங்க ஒருநாள் வரலைன்னா எனக்கு வேலை இல்லை. அதுதான் குறை. புகாரை வாபஸ் வாங்கி எழுதிட்டு வாங்க. நிக்கிறேன்."

போனான். வந்தான். "எழுதிட்டேன், போதுமா?"

நம்புவாளா? வழியே போன ஒரு பெண்ணை நிறுத்தினாள். "கொஞ்சம் சத்தமாப் படிங்கம்மா."

அந்தப் பெண் படித்தாள்: "பார்வையற்ற ஓர் அம்மா வேலைக்குச் செல்வதால், காலை எட்டு முதல் எட்டரை வரை மட்டும் ஒலியை..."

"அரை மணி நேரமா?" என்றாள் ஆபரேட்டரம்மா. "போனவ திரும்பி வர வேண்டாமா? தினம் சாயங்காலம் ஒரு நர்ஸைக் கெஞ்சிக் கூட்டிட்டு வர்றேன், தெரியுமா? இந்த ஊர்ல கண்ணு தெரியாதவ நான் ஒருத்திதானா?"

அவன் அந்தப் பெண்ணிடமிருந்து காகிதத்தை வாங்கினான்.

"அந்த வரியை அடிங்க. நாள் முழுக்கன்னு எழுதுங்க."

பேனா கீறுவது கேட்டது. மறுபடியும் அந்தப் பெண்ணைப் படிக்கச் சொல்லி, ஒரு வார்த்தை விடாமல் கேட்ட பிறகுதான் காகிதத்துக்குக் கை நீட்டினாள்.

"நானே கொண்டுபோய்க் குடுக்குறேம்மா" என்றான் அவன்.

"வேண்டாம்" என்று வாங்கி மடித்தாள். "இதை நானே குடுத்துக்குறேன்."