ஆறு கொப்பரைக்கு ஒரே கேபிள்

எண்ணெய் எடுக்க, பறித்த ரோஜாவை அன்றே காய்ச்சிவிட வேண்டும். பல்கேரியாவின் கசன்லக் ஊரில் எங்கள் ஆலை நடப்பதே அப்படித்தான். அந்த மே மாதக் காலை பூ வண்டிகள் வாசலில் நிற்கும்போது, பேனல் திரையில் கொப்பரைகளின் வெப்பநிலை கண்டபடி குதித்தது. ஒரு கொப்பரை திரையிலிருந்து காணாமல் போகும். அது திரும்புவதற்குள் இன்னொன்று போய்விடும்.

வயரிங் செய்தவன் ஸ்த்ராஹில். அவனும் அக்கா ரலிட்சாவும் சேர்ந்து தொழில் நடத்துகிறவர்கள். முதலாளி நெட்கோ கூப்பிட்டதும் இருவரும் வந்தார்கள். ரலிட்சா பேனலைத் திறந்தாள். ஒரே இடத்திலிருந்து ஆறு கொப்பரைக்கும் தனித்தனிக் கேபிள் பிரிந்து போனது.

“போன வருஷம் நாலுக்கும் இப்படித்தானே போட்டேன்? நல்லாத்தானே ஓடுச்சு!” என்றான் தம்பி.

“அதெல்லாம் பக்கத்துல இருந்துச்சுடா. புது ரெண்டும் அந்தக் கோடியில இருக்கு. அவ்வளவு தூரம் போன சிக்னல் முட்டித் திரும்பி, பின்னால வர்றதோட மோதுது.”

“சென்சார்தான் மட்டம்.”

“நீ சொல்லிக்கிட்டே இரு. நான் வேலையப் பாக்கறேன்.”

முதலாளி வாசலில் நின்ற பூ வண்டிகளைப் பார்த்தார். “காய்ச்சறத நிறுத்தணுமாம்மா?”

“வேண்டாம் அண்ணே. ஆளுக்கொரு தெர்மாமீட்டர் குடுங்க, கையால பாத்துக்கட்டும். மதியத்துக்குள்ள முடிச்சிடறேன்.”

“முடியலேன்னா?”

“முடியும்.”

மூன்றாவது கொப்பரை என்னுடையது. தெர்மாமீட்டரும் கையுமாக நின்று பார்த்தேன். பேனலிலிருந்து முதல் கொப்பரைக்கு ஒரு கேபிள். அங்கே நுழைந்து, வெளியே வந்து, அடுத்ததற்கு. இப்படியே சங்கிலியாகக் கோத்துக்கொண்டு போனாள். கைகட்டி நின்ற ஸ்த்ராஹிலுக்குப் பொறுக்கவில்லை.

“ஐயோ, நீராவிக் குழாய் மேல போடாதேக்கா, உருகிடும்!” என்று தானே மேலேறிக் கேபிளை இழுத்தான்.

கடைசிக் கொப்பரையின் பெட்டியில் ஒரு சின்ன ரெசிஸ்டரை மாட்டினாள். பேனல் முனையிலும் ஒன்று.

“இது எதுக்கு?” என்று கேட்டேன்.

“வந்த சிக்னல் திரும்பிப் போகாம இங்கயே அடங்கிடும்.”

திரையில் ஆறு எண்களும் அசையாமல் நின்றன. மூன்றாவது எண்ணும் என் தெர்மாமீட்டர் காட்டியதும் ஒன்றுதான்.

“சரி, ஜெயிச்சுட்டே,” என்றான் தம்பி. “நடுவுல அறுந்தா?”

“அதுக்குப் பின்னால இருக்கறதெல்லாம் போயிடும். அதான் யார் கையும் படாம உத்தரத்துல கட்டினேன்.”

முதலாளி ராக்கியா சாராயம் ஊற்றிக் கொடுத்தார். “கார்லொவோவுல என் மச்சானும் ரெண்டு கொப்பரை சேத்திருக்கான். அங்க வயரிங் யாரு?”

ஸ்த்ராஹில் குடிக்காமல் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

“நான்தான். கோளாறு வர்றதுக்குள்ள போய் மாத்திட்டு வந்துடறேன்.”